கடைக்காலும் சுவரும்: கஅபாவின் செப்பனிடல் வரலாறு

இப்ராஹீம் (அலை) அவர்களும் அவர்தம் மகனார் இஸ்மாயீல் (அலை) அவர்களும் இறையில்லத்தை எழுப்பிய செய்தியைத் திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 127ஆம் வசனத்தில் எடுத்துரைக்கிறது. அங்கே ஆளப்பட்டிருக்கும் சொல் 'கவாயித்' என்பதாகும். கடைக்கால், அஸ்திவாரம் எனப் பொருள்படும் 'காயிதா'வின் பன்மை அது. சுவர்களை எழுப்பினர் என்றோ இல்லத்தைக் கட்டினர் என்றோ கூறாது, கடைக்கால்களை உயர்த்தினர் என்று அமைந்த அச்சொல்லாட்சி விரிவுரையாளர்களின் கருத்தை ஈர்த்தது. மண்ணுள் முன்னரே மறைந்து கிடந்த கடைக்காலின்மீது அவ்விருவரும் சுவர் எழுப்பினரா, அன்றிக் கடைக்காலையும் அவர்களே இட்டனரா என்னும் வினாவுக்கு இரு வேறு விடைகளையும் இமாம் தபரீ தம் தஃப்ஸீரில் பதிவு செய்திருக்கிறார். அவ்வாய்வுக்குள் நாம் புகவில்லை. ஆயினும் சுவர் வேறு, கடைக்கால் வேறு என்னும் பாகுபாட்டை அச்சொல் நமக்கு உணர்த்திவிடுகிறது. கஅபாவின் சுவர்கள் வரலாற்றில் பலமுறை சிதைந்தன, பலமுறை எழுந்தன. ஒவ்வொரு முறையும் கட்டியவர்கள் தோண்டித் தேடியது அந்தப் பழைய கடைக்காலைத்தான்.

இத்திருப்பணிகளின் எண்ணிக்கையைப் பத்து என்று மக்காவின் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். வானவர்களிலிருந்தும் ஆதம் (அலை) அவர்களிலிருந்தும் தொடங்கும் கணக்கு அது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது, கட்டுமான விவரங்கள் ஓரளவேனும் எழுத்தில் கிடைக்கும் காலத்தை மட்டுமே.

கஅபாவின் சுவர்களுக்கு நேர்ந்த பெரும்பாலான சேதங்களுக்கு நெருப்பும் நீருமே காரணங்கள். இவற்றுள் நீர் என்பது பாலைநிலத்தை அறியாதவர்க்கு வியப்பளிக்கலாம். மக்காவின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். ஆனால் அம்மழை ஒருசில நாள்களில், சிலபோது ஒருசில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். சுற்றிலும் மரமற்ற, மண்ணற்ற பாறைமலைகள் இருப்பதால் விழுந்த நீரை உறிஞ்சிக்கொள்ள ஏதுமில்லை. அத்தனையும் 'வாதி இப்ராஹீம்' எனும் பள்ளத்தாக்கில் திரண்டு பாயும். கஅபா அமைந்திருப்பதோ அப்பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியில். ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) வந்த 'உம்மு நஹ்ஷல்' வெள்ளம் மகாமு இப்ராஹீம் கல்லையே பெயர்த்து அடித்துச் சென்றது. செய்தி கேட்டு மதீனாவிலிருந்து விரைந்து வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதனை உரிய இடத்தில் மீண்டும் நிறுவியதோடு, நகரின் மேற்புறத்தில் வெள்ளத்தைத் தடுக்க அணையொன்றும் எழுப்பினார்கள். ஹிஜ்ரி 80இல் வந்த மற்றொரு வெள்ளம் ஹாஜிகளையும் அவர்தம் உடைமைகளையும் வாரிச் சென்றதால் 'ஜுஹாஃப்' என்று பெயர் பெற்றது. 1941ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஒருவர் கஅபாவைச் சுற்றி நீந்தித் தவாஃப் செய்யும் புகைப்படத்தை நம் வாசகர்களுள் பலர் கண்டிருக்கக்கூடும்.

ஓடும் நீர் சுவரடி மண்ணை அரிக்கும். தேங்கும் நீர் கல்லிடுக்குகளில் புகுந்து காரையை இளக்கும். நீர் வடியும்போது இளகிய காரையும் உடன் வெளியேறும். எனவே வெள்ளத்தில் தப்பிய சுவர் வெள்ளம் வடிந்த மறுநாள் விழுவதும் உண்டு. இதனை நம் கொத்தனார்களும் அறிவர். பின்னர் நாம் காணப்போகும் ஹிஜ்ரி 1039இன் நிகழ்ச்சிக்கு இதனை நினைவிற் கொள்ளுதல் பயன்தரும்.

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு 35 வயது ஆனபோது, அதாவது நபித்துவத்துக்குச் சுமார் 5 ஆண்டுகளுக்கு முன், குறைஷியர் கஅபாவைக் கட்டிய வரலாறு யாவரும் அறிந்ததே. ஹஜருல் அஸ்வதைத் தூக்கி வைக்கும் உரிமைக்காகக் குலங்களிடையே எழுந்த பூசலைப் பெருமானார் ஒரு துணியை விரித்துத் தீர்த்துவைத்த நிகழ்ச்சியைச் சிறு பிள்ளைகளும் கூறுவர். அந்நிகழ்ச்சியின் ஒளியில் அக்கட்டுமானத்தின் பிற செய்திகள் மங்கிப்போயின என்றே கூறவேண்டும். இப்னு இஸ்ஹாக்கும், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மக்காவின் வரலாற்றை எழுதிய அஸ்ரகீயும் தரும் விவரங்களைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

அதற்கு முன்பிருந்த கஅபா, காரையின்றிக் கல்மேல் கல்லாக அடுக்கப்பட்ட, கூரையற்ற சுவர்களைக் கொண்டிருந்தது. பெண்ணொருத்தி சாம்பிராணிப் புகை காட்டியபோது தெறித்த பொறியில் திரை பற்றியெரிந்து சுவர் பழுதுற்றது. அதனைத் தொடர்ந்து வந்த வெள்ளம் பழுதைப் பெரிதாக்கியது. உள்ளிருந்த கருவூலக் குழியில் களவும் நேர்ந்தது. பிரித்துக் கட்டுவதென்று குறைஷியர் முடிவு செய்தனர். ஆயினும் கைவைக்க எவருக்கும் துணிவு வரவில்லை. இறுதியில் வலீத் இப்னு முகீரா கடப்பாரையை எடுத்துத் தம் நோக்கம் நன்மையே என்று இறைவனிடம் முறையிட்டவாறு ஒரு பகுதியை இடித்தார். மற்றவர்கள் அன்றிரவு முழுவதும் காத்திருந்தனர். அவருக்குத் தீங்கு நேர்ந்தால் இடித்ததை இருந்தவாறே கட்டிவிடுவது, இல்லையேல் தொடர்வது என்பது அவர்கள் திட்டம். பொழுது விடிந்தது, வலீத் நலமாகவே வேலைக்கு வந்தார்.

தோண்டிச் சென்றவர்கள் ஓரிடத்தில் பசுமை நிறக் கற்களைக் கண்டனர். ஒட்டகத் திமில்களைப் போன்று பருத்து, ஒன்றையொன்று கவ்விக் கிடந்த கற்கள் அவை. ஒருவர் இரு கற்களுக்கிடையே கடப்பாரையைச் செலுத்தி நெம்பியபோது மக்கா நகரே அதிர்ந்ததாகவும், இப்ராஹீம் நபியின் கடைக்கால் இதுவே எனத் தெளிந்து அவ்விடத்தோடு நிறுத்திக்கொண்டதாகவும் ஸீரா நூல்கள் கூறுகின்றன. பழுதுபார்ப்பின் எல்லை எது என்பது அன்றே வரையறுக்கப்பட்டுவிட்டது என்பது நம் கருத்து. சுவர் மனிதர் கைக்குரியது. அதன் கீழுள்ள கற்களை அசைக்கலாகாது.

பொருள் திரட்டியதிலும் குறைஷியர் ஒரு வரம்பு வைத்துக்கொண்டனர். வட்டிப்பணம், விபசாரத்தின் வருவாய், பிறரை வஞ்சித்துப் பெற்றது ஆகிய எதுவும் இப்பணியில் சேரலாகாது என்றனர். வட்டியில் திளைத்த வணிகர்களின் ஊரில் இவ்வாறு சலித்தெடுத்தபின் தூய பணம் எவ்வளவு எஞ்சும்? கடைக்கால் முழுவதன்மீதும் சுவரெழுப்ப அது போதவில்லை. வடபுறத்தில் சில முழ நிலத்தை வெளியே விட்டு, அதனை அரைவட்டச் சிறு மதிலால் அடையாளமிட்டனர். ஹிஜ்ர் என்றும் ஹதீம் என்றும் நாம் வழங்கும் பகுதி அது. வாயிலையும் தரைமட்டத்திலிருந்து உயர்த்தினர். வெள்ளம் புகாதிருப்பது ஒரு பயன். தாம் விரும்பாதவர் புகாதிருப்பது மற்றொரு பயன்.

கூரைக்கும் சுவருக்கும் வேண்டிய மரம் ஷுஐபா துறையில் உடைந்த உரோமானியக் கப்பலொன்றிலிருந்து கிடைத்தது. பாகூம் எனும் கைவினைஞர் பணியில் உதவினார். அவர்கள் எழுப்பிய சுவர் கல்வரிசை ஒன்று, மரவரிசை ஒன்று என மாறி மாறி அமைந்தது. 16 வரிசை கல், 15 வரிசை மரம், உயரம் 18 முழம் என்று அஸ்ரகீ கணக்குத் தருகிறார். இத்தகைய சுவர் அரபு நாட்டில் பெருவழக்கன்று. செங்கடலின் மறுகரையில் அபிசீனியாவின் பழைய தேவாலயங்களில் இதனைக் காணலாம். முஸ்லிம் கட்டடக்கலை ஆய்வில் பெயர்பெற்ற கிரெஸ்வெல் 1951இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வொற்றுமையைச் சுட்டி, பாகூம் என்பது அபிசீனியப் பெயரின் திரிபாகலாம் என்றார். அவர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறமிருக்க, இம்முறையின் பயன் தெளிவானது. காரையற்ற கற்சுவரில் ஒவ்வொரு கல்லும் தனியாகவே நிற்கும். இடையே நீளவாட்டில் இட்ட மரம் அவற்றை ஒன்றாகக் கட்டி, மேற்பாரத்தைச் சீராகப் பரப்பிக் கடைக்காலுக்குக் கொடுக்கும். அடிமண் ஓரிடத்தில் சற்று இறங்கினாலும் சுவர் பிளக்காது. ஆனால் மரத்துக்கு ஒரு பகை உண்டு. அது 78 ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

ஹிஜ்ரி 64இல் (கி.பி. 683) யஸீதின் படை, ஹுஸைன் இப்னு நுமைரின் தலைமையில் மக்காவை முற்றுகையிட்டிருந்தது. நகரினுள் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) இருந்தார். கஅபா தீப்பற்றியது. கவண்பொறிகளால் எறியப்பட்ட நெருப்பா, கூடாரத்தில் மூட்டிய நெருப்பின் பொறியைக் காற்று சுமந்து வந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். விளைவில் வேறுபாடில்லை. மரவரிசைகள் எரிந்து சாம்பலாகவே, இடையிருந்த கற்கள் பிடிப்பிழந்தன. ஒரு புறா வந்தமர்ந்தாலும் கல் உதிரும் நிலை என்று அஸ்ரகீ வருணிக்கிறார். ஹஜருல் அஸ்வதும் பிளந்தது; இப்னு ஜுபைர் அதனை வெள்ளியால் பிணைத்தார். யஸீத் இறந்த செய்தி எட்டியதும் முற்றுகை கலைந்தது.

இப்பொழுது செய்ய வேண்டியது யாது? இவ்வினாவை இப்னு ஜுபைர் மக்கள் முன் வைத்தார். அவ்வேளை நடந்த கலந்துரையாடலை ஸஹீஹ் முஸ்லிம் பாதுகாத்து வைத்திருக்கிறது. பழைய கட்டடமொன்றின் எதிர்காலம் குறித்து நம் வரலாற்றில் நிகழ்ந்த முதல் பெரிய விவாதம் இதுவென்று கூறினால் மிகையாகாது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து, பழுதடைந்த பகுதியை மட்டும் செப்பனிட வேண்டும் என்பது. மக்கள் எந்த இல்லம் நின்றிருந்தபோது இஸ்லாத்தைத் தழுவினரோ, எந்தக் கற்கள் இருந்தபோது பெருமானார் (ஸல்) தூதராக அனுப்பப்பட்டார்களோ, அவ்வில்லத்தையும் அக்கற்களையும் அவ்வாறே விட்டுவிடுமாறு அவர்கள் அறிவுறுத்தினார்கள். உங்களில் ஒருவரின் வீடு எரிந்துபோனால் அதனைப் புதுப்பிக்கும்வரை மனம் அமைதி கொள்ளாதே, அவ்வாறிருக்க உங்கள் இறைவனின் இல்லத்தை எங்ஙனம் விடுவது என்று இப்னு ஜுபைர் வினவினார். மூன்று நாள் இறைவனிடம் நலம்வேண்டி இஸ்திகாரா செய்தபின், பிரித்துக் கட்டுவதென்னும் முடிவுக்கு வந்தார்.

அவர் முடிவுக்கு வலுவான ஓர் ஆதாரம் இருந்தது. அவருடைய தாயாரின் சகோதரியார் அன்னை ஆயிஷா (ரலி) வாயிலாக அவர் கேட்ட நபிமொழி அது. குறைஷியர் அறியாமைக் காலத்தை விட்டு அண்மையில் வெளிவந்தவர்களாக இல்லாதிருந்தால், கஅபாவைப் பிரித்து இப்ராஹீம் நபியின் கடைக்கால்மீதே எழுப்பி, வாயிலைத் தரையோடு அமைத்து, நுழைய ஒன்றும் வெளியேற ஒன்றுமாக இரு வாயில்கள் வைத்திருப்பேன் எனும் கருத்துப்பட அண்ணலார் கூறியிருந்தார்கள். பெருமானார் விரும்பியும் மக்களின் மனநிலை கருதி ஒத்திவைத்த பணியை நிறைவேற்றும் வாய்ப்புத் தமக்குக் கிட்டியிருப்பதாக இப்னு ஜுபைர் கருதினார். செலவுக்கும் பொருள் இருந்தது. மக்களின் எதிர்ப்பையும் அவர் அஞ்சவில்லை.

இம்முறையும் இடிக்க எவரும் முன்வரவில்லை. ஒருவர் துணிந்து ஏறி ஒரு கல்லைக் கீழே தள்ளியபின், அவருக்கு ஏதும் நேராதது கண்டே மற்றவர்கள் தொடர்ந்தனர். சுவர்கள் தரைமட்டமாயின. கிப்லாவின்றி மக்கள் தவித்துவிடக் கூடாதென்று சுற்றிலும் கம்பங்கள் நட்டுத் திரைகள் தொங்கவிடப்பட்டன. சுவர் எழும்வரை மக்கள் அத்திரைகளை முன்னோக்கித் தொழுதனர். ஹிஜ்ர் பகுதியை அகழ்ந்து பழைய கடைக்காலை வெளிப்படுத்திய இப்னு ஜுபைர், அதனை மக்கள் தம் கண்களால் காணுமாறு செய்தார். அதன்பின்னரே அதன்மீது கட்டத் தொடங்கினார். அதனைக் கண்டவர்களுள் யஸீத் இப்னு ரூமான் ஒருவர். பிற்காலத்தில் ஜரீர் இப்னு ஹாஸிம் அக்கடைக்கால் எங்குள்ளது என்று அவரிடம் கேட்க, அவர் ஹிஜ்ருக்குள் அழைத்துச் சென்று இடத்தைச் சுட்டிக் காட்டினார். ஜரீர் தாமே மதிப்பிட்டு, ஆறு முழம் அல்லது அதையொட்டி என்று கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. மண்மூடிய கடைக்காலொன்றின் அளவைக் கண்டவரின் வாய்மொழியாகவும், இடத்தில் நின்று அளந்தவரின் மதிப்பாகவும் ஹதீஸ் கலை நமக்குத் தந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

புதிய சுவரில் மரவரிசை இல்லை. யமனிலிருந்து தருவிக்கப்பட்ட சுதைச் சாந்தால் கற்கள் இணைக்கப்பட்டன. சுவரின் கனம் இரண்டு முழம். உயரம் 27 முழம். குறைஷியரின் ஆறு தூண்களுக்குப் பதிலாக மூன்று தூண்கள் கூரையைத் தாங்கின. நெருப்புக்கு இரையான கட்டுமுறையைக் கைவிட்டு, சாந்தின் வலிமையை நம்பிய இம்மாற்றம் பொறியியல் நோக்கில் அறிவார்ந்த முடிவேயாகும்.

அந்த வடிவம் பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. ஹிஜ்ரி 73இல் இப்னு ஜுபைர் கொல்லப்பட்டார். கஅபாவில் அவர் செய்த மாற்றங்களை ஹஜ்ஜாஜ் கலீஃபா அப்துல் மலிக்குக்கு எழுதினார். உயரத்தை அப்படியே விடுமாறும், ஹிஜ்ரின் பக்கம் கூட்டியதை நீக்குமாறும், திறந்த வாயிலை அடைக்குமாறும் மறுமொழி வந்தது. ஹிஜ்ரி 74இல் ஹஜ்ஜாஜ் வடசுவரை மட்டும் இடித்துக் குறைஷியர் வைத்த கோட்டிலேயே மீண்டும் எழுப்பினார். மேற்கு வாயில் அடைபட்டது. கிழக்கு வாயில் மீண்டும் உயர்ந்தது. எஞ்சிய மூன்று சுவர்களும் இப்னு ஜுபைருடையனவாகவே நின்றன. பின்னர் ஒருநாள் ஹாரிஸ் இப்னு அப்துல்லாஹ் எனும் பெரியார், அன்னை ஆயிஷாவிடம் தாமும் அந்நபிமொழியைக் கேட்டதாகச் சான்று கூறினார். அப்துல் மலிக் கைக்கோலால் தரையைக் கீறியவாறு சற்று நேரம் அமர்ந்திருந்தாராம். இப்னு ஜுபைர் ஏற்ற பொறுப்பை அவரிடமே விட்டிருக்கலாமே என்று வருந்தினாராம். கேட்பதற்கு முன் இடித்தவரின் வருத்தம் அது.

அப்பாஸியர் காலத்தில் அடுத்த கட்டம் வந்தது. கலீஃபா ஒருவர், மன்சூர் என்றும் மஹ்தி என்றும் ஹாரூன் ரஷீத் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன, நபிமொழிக்கேற்ப இப்னு ஜுபைரின் வடிவத்தை மீட்க விரும்பி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்தைக் கேட்டார். நபிமொழியின் உண்மையில் இமாமுக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் தடுத்தார். வரும் மன்னர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி இடிப்பதும் கட்டுவதுமாக இறையில்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும், மக்கள் உள்ளத்திலிருந்து அதன் கண்ணியம் நீங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். கலீஃபா பணிந்தார். நபியவர்கள் விரும்பிய வடிவம் எதுவெனத் தெரிந்திருந்தும், இருக்கும் வடிவத்தைக் காப்பதே மேல் என்று தீர்மானித்த இந்நிகழ்ச்சிக்கு ஒப்பானதை நாம் வேறெங்கும் கண்டதில்லை. இப்னு அப்பாஸின் குரலே இமாம் மாலிக்கின் வாயிலாக வென்றது எனலாம். அதன்பின் ஒன்பது நூற்றாண்டுகள் எவரும் சுவர்களைப் பிரிக்கவில்லை.

இவ்விடத்தில் ஷாதர்வான் குறித்துச் சில சொற்கள். கஅபாவின் சுவரடியைச் சுற்றி, சாய்வான பளிங்குக் கற்கள் பதித்த சிறு திட்டொன்று இருப்பதைத் தவாஃப் செய்தோர் கண்டிருப்பர். கிஸ்வாவின் கயிறுகளைக் கட்டும் வளையங்கள் அதில்தான் பொருத்தப்பட்டுள்ளன. கட்டடக்கலை நோக்கில் இது சுவரடிக்கு முட்டு. மழைநீர் சுவரோரம் தங்காது வழுக்கி விலகச் செய்யும் காப்பு. ஆயினும் ஃபிக்ஹு அறிஞர்களுக்கு இது வேறொரு வினாவை எழுப்பிற்று. குறைஷியர் கடைக்காலின் முழு அகலத்துக்கும் சுவர் வைக்காது சற்று உள்ளொதுக்கிக் கட்டியதால் வெளியே எஞ்சிய கடைக்காலின் விளிம்பே இது என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் நிலைப்பாடு. அவ்வாறாயின் ஷாதர்வான் கஅபாவின் பகுதியாகும். அதன்மீது நடந்தோ, நடக்கும்போது அதன் மேற்பரப்பில் கையை நீட்டியோ செய்யும் தவாஃப் கஅபாவுக்கு உள்ளே செய்ததாகிவிடும், செல்லாது. ஹனஃபீ அறிஞர்களும் இப்னு தைமிய்யாவும் இதனைச் சுவருக்குப் பாதுகாப்பாகப் பின்னர் சேர்க்கப்பட்ட முட்டு என்றே கொண்டனர். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபீகளுமாகப் பெரும்பாலும் வாழும் தமிழ் முஸ்லிம்கள் ஒரே கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்று, ஒரே தவாஃபில் இருவேறு கவனத்தோடு நடந்திருப்பர். கடைக்காலின் அகலம் பற்றிய ஒரு கட்டடக்கலைச் செய்தி, வழிபாட்டின் சட்டமாகவே ஆகிவிட்டதற்கு இது சான்று.

ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் மக்கா உஸ்மானியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சுல்தான் சுலைமானின் காலத்தில், ஹிஜ்ரி 959இல், கூரை பழுதுற்றபோது அதனைத் தொடுவதே கூடாதென ஒரு சாரார் வாதிட்டனர். அப்போது மக்காவில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ, கஅபாவில் நலிவுற்றதைச் செப்பனிடுவது குறித்துத் தனி நூலே எழுதி, தேவையான பழுதுபார்ப்புக்கு அனுமதி உண்டென நிறுவினார். 'துஹ்ஃபா'வின் ஆசிரியராக நம் மத்ரஸாக்களில் நன்கறியப்பட்டவர் இவர். கண்ணியம் என்பதற்குக் கைவைக்காதிருத்தல் என்று மட்டும் பொருள் கொண்டால், கண்முன்னே இடிந்து விழ விடுவதும் கண்ணியமாகிவிடும்.

அடுத்து, ஹிஜ்ரி 1020இல் (கி.பி. 1611) சுல்தான் முதலாம் அஹ்மதின் காலத்தில் சுவர்களில் விரிசல்கள் கண்டன. இஸ்தான்பூலில் தம் பெயரால் புகழ்பெற்ற பள்ளிவாசலை எழுப்பிக்கொண்டிருந்த சுல்தான், கஅபாவையும் பிரித்துக் கட்ட எண்ணினார். அறிஞர்கள் தடுத்தனர். மாற்றாக, பொன்முலாம் பூசிய பித்தளைப் பட்டைகள் செய்து கொண்டுவரப்பட்டு, கச்சை கட்டியதுபோல் சுவர்கள் பிணைக்கப்பட்டன. வெளித்தள்ளும் சுவரைச் சுற்றிக் கட்டி நிறுத்தும் இம்முறையை இன்றும் பழங்கட்டடப் பாதுகாப்பில் கையாளுகின்றனர். ஆனால் பட்டை சுவரைத்தான் பிடித்து நிறுத்தும். அடியில் புகும் வெள்ளத்துக்கு அதனிடம் விடையில்லை. அடுத்த 20 ஆண்டுகளில் அது மெய்ப்பட்டது.

ஹிஜ்ரி 1039 ஷஅபான் 19, புதன்கிழமை (1630 ஏப்ரல் 3). காலை தொடங்கிப் பெய்த மழை ஆலங்கட்டியோடு பேய்மழையாயிற்று. வெள்ளம் ஹரமினுள் புகுந்து கஅபாவின் வாயிற்பூட்டுக்கும் மேலே உயர்ந்தது. ஏராளமானோர் மாண்டனர். மறுநாள் வியாழன் மாலை, வடசுவர் முழுவதும் சரிந்தது. அதனோடு ஒட்டியிருந்த கிழக்குச் சுவரில் வாயில்வரையுள்ள பகுதியும், மேற்குச் சுவரில் ஒரு பகுதியும் வீழ்ந்தன. ஹஜ்ஜாஜ் இடித்துக் கட்டிய சுவர்தான் முழுவதுமாக வீழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. பழைய சுவர்களோடு பின்னர் இணைத்த புதுச்சுவர், இணைப்பிடத்தில் நலிந்திருப்பது கட்டடங்களின் பொது இயல்பு. இங்கும் அதுவே காரணமென்று ஊகிக்கலாமேயன்றி உறுதியாகச் சொல்லுதற்கில்லை.

ஷரீஃப் மஸ்ஊத் இப்னு இத்ரீஸ் உள்ளிருந்த விளக்குகளையும் விலையுயர்ந்த பொருள்களையும் பத்திரப்படுத்தினார். எகிப்தின் வழியாகச் சுல்தான் நான்காம் முராதுக்குச் செய்தி போயிற்று. இடிந்த பகுதியைச் சுற்றி மரத்தடுப்பு எழுப்பித் துணியால் போர்த்தினர். ஹிஜ்ரி 64இல் இப்னு ஜுபைர் நட்ட திரைகளே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தன எனலாம். எகிப்திலிருந்து ரிள்வான் ஆகா எனும் அதிகாரி பொறுப்பேற்று வந்து, முதலில் ஹரமில் படிந்திருந்த சேற்றை அகற்றினார். பின்னர் அதே பழைய வினா எழுந்தது. வீழ்ந்ததை மட்டும் கட்டுவதா, நின்றவற்றையும் பிரிப்பதா? மக்காவின் அறிஞர்கள் கூடினர். கட்டடக் கலைஞர்கள் எஞ்சிய சுவர்களை ஆய்ந்து அவை நிலைக்கத்தக்கன அல்ல என்றனர். கருத்து வேறுபாடு எழாமலில்லை. அக்காலத்தில் அங்கு வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னு அல்லான் இத்திருப்பணி குறித்து எழுதியவை, நிகழ்ச்சிகளை நாள்தோறும் அறிய உதவும் அரிய சான்றுகள். முடிவில், தகுதியுள்ளோரின் சான்றின்மீது, எஞ்சியவற்றையும் இறக்குவதென்று தீர்ப்பாயிற்று.

முன்னைய மூன்று கட்டுமானங்களிலிருந்தும் இது வேறுபடுவது ஒன்றில்தான். குறைஷியர் குறைத்தனர், இப்னு ஜுபைர் கூட்டினார், ஹஜ்ஜாஜ் மீண்டும் குறைத்தார். முராதின் கட்டடக் கலைஞர்கள் அளவில் எதனையும் மாற்றவில்லை. ஹஜருல் அஸ்வத் பதிந்த மூலையைக் காத்து, கடைக்கால்வரை இறங்கி, அதன்மேல் அதே கோட்டில் எழுப்பினர். உறுதியாயிருந்த பழைய கற்கள் மீண்டும் வைக்கப்பட்டன. குறைந்தவற்றுக்கு மக்காவின் மலைகளிலிருந்தே கல் வெட்டப்பட்டது. ஹிஜ்ரி 1040 ரமளானில் (1631) சுவர்கள் நிறைவெய்தின. இமாம் மாலிக் விதித்த வரம்பு ஒரு பேரரசரின் பணியாளர்களையும் கட்டுப்படுத்தியது.

இன்று நாம் முன்னோக்கும் சுவர்கள் அவையே. மக்காவின் வரலாற்றாசிரியர் முஹம்மத் தாஹிர் குர்தீ அவற்றின் வெளிப்புறக் கற்களை எண்ணி 1,614 என்று குறித்திருக்கிறார்.

இவற்றை எழுதும்போது நம் ஊர்களின் நிலை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நம் கடற்கரையில் பலநூறு ஆண்டுகள் நின்ற கற்பள்ளிகள் உண்டு. சுவரில் ஈரம் ஏறியது, தளம் ஒழுகுகிறது, இடம் போதவில்லை என்னும் காரணங்களால் அவற்றுட் பல அடியோடு பெயர்க்கப்பட்டுக் கான்கிரீட் மண்டபங்களாகிவிட்டன. தொழுவோர் பெருகும்போது இடம் விரிவாக வேண்டியதே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் சுவரையும் கடைக்காலையும் ஆய்ந்து சொல்ல ஒரு பொறியாளரையும், அத்தீர்மானத்தை ஐயுற்று வினவ ஓர் ஆலிமையும் அமர்த்திய ஜமாஅத்துகள் எத்தனை? மூன்று நாள் இஸ்திகாரா செய்தவர் கதையை மிம்பரில் கேட்டுவிட்டு, மறுவாரமே மிம்பரைப் பெயர்த்த செய்திகளும் நம் செவிக்கு எட்டியதுண்டு.

சவூதி ஆட்சியில் இரு பெரும் செப்பனிடல்கள் நிகழ்ந்தன. ஹிஜ்ரி 1377இல் (1958) மன்னர் சஊதின் காலத்தில் மேற்கூரை புதுப்பிக்கப்பட்டது. கூரைக்கும் சுவர்களுக்கும் இடையே சுற்றுக்கட்டு இட்டு இணைத்தனர். வெள்ளநீர் ஹரமை அணுகாது திருப்பிவிடும் நிலத்தடிக் கால்வாய்கள் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைந்தன. கஅபாவுக்கு அவை செய்த நன்மை எந்த முட்டுச்சுவரும் செய்யாதது என்பது நம் எண்ணம். ஹிஜ்ரி 1417இல் (1996) மன்னர் ஃபஹதின் காலத்தில் நடந்த பணி இன்னும் விரிவானது. கரையான் அரித்த மரங்கள் அகற்றப்பட்டு இரு கூரைகளும் தூண்களும் புதிதாயின. சுவர்களின் உட்புறம் செப்பனிடப்பட்டது. வெளிப்புறக் கற்களின் இணைப்புகள் துப்புரவாக்கப்பட்டு நிரப்பப்பட்டன. முராதின் கற்கள் தம் இடத்திலேயே நின்றன.

அப்பணி நடந்த மாதங்களில் கஅபாவைச் சுற்றி வெண்ணிற மரத்தடுப்பு எழுப்பப்பட்டிருந்தது. அதன் உட்புறம் கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருக்க, வெளிப்புறத்தில் தவாஃப் ஒரு பொழுதும் நிற்கவில்லை.